தூணைச் சாய்க்கும் தண்ணீர்!

புதுச்சேரிக் கடலுக்குள் ஒரு பாலம் நீண்டிருந்தது.

ஆற்றைக் கடக்கும் பாலம் அல்ல அது. கரையில் தொடங்கி, நேராகக் கடலுக்குள் போய், அங்கேயே முடிந்துவிடும் பாலம். கப்பலில் வந்த சரக்கை இறக்குவதற்காகக் கட்டப்பட்டது. வம்பாகீரப்பாளையம் மீனவர்களுக்கு அது தினமும் கண்ணில் படும் பாலம். சினிமாப் படம் பிடிப்பவர்களும் அதைத் தேடி வந்தார்கள்.

1962-ல் கட்டிய அந்தப் பாலம், 60 ஆண்டுகள் அலையோடு போராடி நின்றது.

2022-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி இருந்தது. கடல் சீறியது. அலை மேல் அலை வந்து மோதியது.

பாலத்தின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது!

செய்தி பரவியது. ஜனங்கள் கடற்கரையில் கூடினார்கள். நேற்று வரை ஒரே கோடாக இருந்த பாலம், நடுவில் அறுந்து கிடந்தது.

பஞ்சு போல மெதுவான தண்ணீர். கையால் அள்ளினால் விரல் இடுக்கில் வழிந்து போகும் தண்ணீர். அது எப்படித் தூண்களைச் சாய்க்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, உலகத்தின் பெரிய அறிவாளிகள் 200 ஆண்டுகளுக்கு மேல் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரை திறந்த வெளி. மணல் சரிவு. கரையை நெருங்கும்போது அலை மடங்கி உடையும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பல் வந்தால் பீரங்கி முழங்கும். அந்த வரவேற்புகளை எல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1736-ம் ஆண்டு முதல் 1761 வரை அவர் எழுதிய குறிப்பு அது.

கப்பலில் இருந்து மனிதர்களையும் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டுவந்தது யார்? நம்முடைய மீனவர்கள்தான்! சலங்கு என்னும் படகில் சரக்கு வரும். கடிதமும் செய்தியும் கட்டுமரத்தில் வரும்.

கட்டுமரத்தைக் கவனித்துப் பாருங்கள். சில மரங்களைச் செதுக்கி, நீளவாக்கில் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு பெரிய விஞ்ஞானம் இருக்கிறது.

நீண்ட மரம் ஒன்றைத் தண்ணீரில் நீளவாக்கில் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடும். தடை குறைவுதான்.

அதே மரத்தைக் குறுக்காகத் திருப்பித் தள்ளுங்கள். அசையவே அசையாது! முன்பக்கம் தண்ணீர் முட்டுகிறது. பின்பக்கம் தண்ணீர் சுழன்று இழுக்கிறது. தடை பல மடங்கு ஆகிவிடுகிறது.

மரம் ஒன்றுதான். தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் நீளவாக்கில் ஓடும் தண்ணீர் வேறு. சுற்றிக்கொண்டு ஓடும் தண்ணீர் வேறு.

இது நம் மீனவருக்குப் பரம்பரையாகத் தெரியும். அதனால்தான் உடையும் அலையைக் கண்டதும் கட்டுமரத்தின் முனையை அலைக்கு நேராகத் திருப்புகிறார். குறுக்கே காட்டினால் அலை புரட்டிவிடும்.

பாவம், பாலத்துத் தூணுக்கு அப்படித் திரும்பிக்கொள்ள வழியில்லை. அது செங்குத்தாக நிற்கிறது. எந்தப் பக்கம் இருந்து அலை வந்தாலும் குறுக்கேதான் வாங்கியாக வேண்டும்!

இரும்புப் பாலம்

1860-களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு பாலம் கட்டினார்கள். கடலுக்கு அடியில் இரும்புத் தூண்களை இறக்கி, மேலே தளம் போட்டார்கள். இப்போது காந்தி சிலை இருக்கும் இடத்துக்கு எதிரே அந்தப் பாலம் இருந்தது. செஞ்சியில் இருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன அல்லவா? அந்த இடம்தான்.

80 ஆண்டுகளுக்கு மேல் அந்த இரும்புப் பாலம் உழைத்தது. 1952-ல் அடித்த புயல் அதை அழித்துவிட்டது. முறிந்த தூண்கள் மட்டும் அலைக்கு மேல் தலை நீட்டி நின்றன.

அதற்குப் பிறகுதான், 1962-ல், தெற்கே தள்ளிப் புதிய பாலம் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது.

ஏன் உருண்டை?

பழைய இரும்புத் தூண்கள் உருண்டை. கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் கால்கள் உருண்டை. புதுச்சேரிக் கடற்கரையில் 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தின் கோபுரம் உருண்டை. நம் வீட்டுத் தென்னை மரமும் உருண்டை!

ஏன்?

சதுரத் தூணின் மீது தண்ணீர் வந்தால், தட்டையான முகத்தில் நேராக முட்டும். மூலையில் வெட்டித் திரும்பும். உருண்டைத் தூணாக இருந்தால், இரண்டு பக்கமும் வழுக்கிப் பிரிந்து போகும். எந்தத் திசையில் இருந்து வந்தாலும் இப்படித்தான்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள்.

அரை மீட்டர் அகலமுள்ள ஒரு தூண். அது 4 மீட்டர் ஆழத் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தூண் சதுரமாக இருந்தால், அதைத் தள்ளும் விசை சுமார் 800 கிலோ எடைக்குச் சமம். சிப்பி ஒட்டிச் சொரசொரப்பான உருண்டைத் தூணாக இருந்தால், சுமார் 400 கிலோதான். பாதிக்குப் பாதி லாபம்!

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு விசை. புயல் நாளில் தூண் படும் பாடு இதனால்தான்.

அனாதைக் குழந்தை போட்ட கணக்கு

1717-ம் ஆண்டு. பாரிஸ் நகரம். ஒரு மாதா கோவில் வாசற்படியில், பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை ஒன்று கிடந்தது. பெற்றவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோவிலின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். கண்ணாடி வேலை செய்யும் ஒரு ஏழைத் தொழிலாளியின் மனைவி, தன் பிள்ளையைப் போல வளர்த்தாள்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஐரோப்பாவே கொண்டாடிய கணித மேதை தாலம்பேர்.

1752-ல் தாலம்பேர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போது புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னராக இருந்தார். ஓடும் தண்ணீரில் ஒரு பொருள் இருந்தால், தண்ணீர் அதை எவ்வளவு தள்ளும் என்பதைக் கணக்குப் போட்டார் தாலம்பேர்.

விடை என்ன வந்தது தெரியுமா?

பூஜ்யம்!

அவர் கணக்குப்படி, தண்ணீர் முன்பக்கம் எவ்வளவு தள்ளுகிறதோ, பின்பக்கம் வந்து கூடி அவ்வளவு முட்டுக் கொடுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரி. ஆகவே பொருளை ஒன்றும் செய்யாது!

இது எப்படி உண்மையாகும்? ஆற்றில் இறங்கி நிற்கும் சிறுவனுக்குத் தெரியும், தண்ணீர் காலை இழுக்கிறது என்று. அது தாலம்பேருக்கும் தெரியும். ஆனால் கணக்கில் எங்கே தவறு என்பது தெரியவில்லை. இந்தப் புதிரை விடுவியுங்கள் என்று பின்னால் வரும் அறிஞர்களுக்கு விட்டுவிட்டார்.

புதிர் 150 ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

ஒட்டிக்கொள்ளும் தண்ணீர்

1904-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பிராண்டல் என்ற விஞ்ஞானி முடிச்சை அவிழ்த்தார்.

தண்ணீருக்குச் சிறிது பிசுபிசுப்பு உண்டு. எண்ணெய் அளவுக்கு இல்லை, ஆனாலும் உண்டு. தூணைத் தொடும் தண்ணீர் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அது ஓடுவதே இல்லை! அதை அடுத்த தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. அதற்கும் அடுத்தது இன்னும் வேகமாக ஓடுகிறது. இப்படித் தூணைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வை போலச் சோம்பேறித் தண்ணீர் இருக்கிறது.

இந்தச் சோம்பேறித் தண்ணீரால் தூணை முழுதாகச் சுற்றி வர முடியவில்லை. பாதி வழியில் களைத்துப் போய், தூணை விட்டுப் பிரிந்துவிடுகிறது. ஆகவே பின்பக்கம் வந்து கூடி முட்டுக் கொடுக்க ஆள் இல்லை. அங்கே சுழி உண்டாகிறது. முன்னால் தள்ளுகிறது, பின்னால் இழுக்கிறது.

தாலம்பேர் தம் கணக்கில் பிசுபிசுப்பைச் சேர்க்கவில்லை. அதுதான் தவறு! மயிரிழை அளவுள்ள ஒரு போர்வை, மாபெரும் மேதையை ஏமாற்றிவிட்டது.

ஆடிக்கொண்டே இருந்த தண்ணீர்

பிராண்டலிடம் ஹீமென்ஸ் என்ற மாணவர் ஆராய்ச்சி செய்துவந்தார். ஓடும் தண்ணீரில் ஒரு உருளையை நிறுத்தி, அதைச் சுற்றி எவ்வளவு அழுத்தம் என்று அளப்பது அவர் வேலை.

ஆனால் தண்ணீர் அடங்கி ஓடவில்லை. உருளைக்குப் பின்னால் இடமும் வலமுமாக ஆடியது.

உருளை சரியான உருண்டையாக இல்லை போலும் என்றார் குரு. மாணவர் மிகவும் கஷ்டப்பட்டு உருளையைத் தேய்த்துச் சரிசெய்தார். அப்படியும் ஆடியது! தொட்டி சமமாக இல்லை போலும் என்றார்கள். தொட்டியையும் சரிசெய்தார். அப்படியும் ஆடியது!

அதே இடத்தில் கார்மன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். ஹங்கேரி நாட்டுக்காரர். தினமும் காலையில் மாணவரைப் பார்த்து, தண்ணீர் அடங்கியதா என்று கேட்பார். இன்னும் ஆடுகிறது என்று வருத்தத்தோடு பதில் வரும்.

கார்மன் யோசித்தார். எவ்வளவு சரிசெய்தாலும் ஆடுகிறது என்றால், ஆடுவதுதானே அதன் இயல்பு?

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். உண்மை புலப்பட்டது. தூணுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சுழி பிரிகிறது. அது போனதும் வலது பக்கம் ஒன்று. பிறகு இடது. மறுபடி வலது. தெருவின் இரு பக்கமும் மாறி மாறி விளக்குக் கம்பம் நட்டதைப் போல, சுழிகள் வரிசையாகப் போகின்றன!

1911-ல் இதை அவர் வெளியிட்டார். இதற்குக் "கார்மன் சுழித் தெரு" என்று பெயர் வந்துவிட்டது. ஹீமென்ஸ் கண்ட தொல்லைதான் கார்மன் கண்ட புகழ்!

நடுக்கடலில் மலைத் தீவுகள் இருக்கின்றன. காற்று அவற்றைச் சுற்றிப் போகும்போது, பின்னால் மேகங்கள் இதே போலச் சுருள் சுருளாக வரிசை கட்டுகின்றன. விண்வெளியில் இருந்து எடுத்த படங்களில் இதைக் காணலாம்.

உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்

ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் அசையாமல் அடங்கட்டும். மேலே கொஞ்சம் மஞ்சள் தூள் தூவுங்கள்.

ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, முனையைத் தண்ணீரில் வைத்து, ஒரே சீராக மெதுவாக இழுங்கள். அவசரம் வேண்டாம்.

பென்சில் போன வழியில் மஞ்சள் தூள் இடமும் வலமுமாகச் சுருண்டு நிற்கும். ஜெர்மனியில் கார்மன் கண்ட காட்சி உங்கள் சமையல் அறையில்!

கம்பி பாடுவது ஏன்?

காற்று அடிக்கும்போது மின்சாரக் கம்பி "உய்ங்" என்று பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். இரவில் கேட்டால் குழந்தைகள் பயப்படும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சுழிகள்தான்!

செக் நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரவுஹால் 1878-லேயே இதை அளந்துவிட்டார். காற்றின் வேகத்தைக் கம்பியின் பருமனால் வகுத்து, வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால், விநாடிக்கு எத்தனை முறை சுழி பிரிகிறது என்பது தெரிந்துவிடும்.

5 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று. அப்படியானால் விநாடிக்கு 200 முறை! அதுதான் காதுக்குப் பாட்டாகக் கேட்கிறது.

ஒவ்வொரு சுழி பிரியும்போதும், கம்பியை ஒரு பக்கம் இழுத்துவிட்டுப் போகிறது. கம்பியானால் பாட்டோடு முடிந்தது. உயரமான இரும்புப் புகைபோக்கி என்றால்? ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல, காற்று அதை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிடும்!

இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். 1957-ல் இங்கிலாந்தில் ஸ்க்ரூட்டன், வால்ஷ் என்ற இருவர், புகைபோக்கியின் மேல் பகுதியில் திருகு போலத் தகட்டைச் சுற்றினால் ஆட்டம் அடங்குகிறது என்று காட்டினார்கள். தொழிற்சாலைப் புகைபோக்கியில் பாம்பு சுற்றியதைப் போன்ற தகட்டைப் பார்த்தால், அழகுக்கு என்று நினைக்காதீர்கள். சுழிகள் ஒன்று சேர்ந்து தாளம் போடாதபடி கலைப்பதற்காக வைத்தது அது.

கூட்டமாக நின்றால் வேறு தொல்லை. முன்னால் இருப்பது கிளப்பும் சுழி, பின்னால் இருப்பதைத் தாக்கும். 1965-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, இங்கிலாந்தில் பெரிபிரிட்ஜ் மின்சார நிலையத்தில் எட்டு ராட்சதக் கோபுரங்கள் அருகருகே நின்றன. பலத்த காற்று அடித்தது. பின் வரிசையில் இருந்த மூன்று கோபுரங்கள் இடிந்து விழுந்தன!

போகும், திரும்பும்

ஆறு ஒரே திசையில் ஓடும். காற்றும் பெரும்பாலும் ஒரு பக்கமாக அடிக்கும். கடல் அலை அப்படி அல்ல. கரையை நோக்கி வரும். உடனே திரும்பிப் போகும். தூணை முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தள்ளும்.

இதைக் கணக்கிட வழி தெரியாமல் என்ஜினீயர்கள் வெகு காலம் திண்டாடினார்கள். 1950-ல் அமெரிக்காவில் மோரிசன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சூத்திரம் சொன்னார்கள்.

அலை தூணை இரண்டு விதமாகத் தள்ளுகிறது. ஒன்று, தண்ணீரின் வேகத்தால். இன்னொன்று, அந்த வேகம் மாறுவதால்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். பஸ் சீராக ஓடினால் ஒன்றும் இல்லை. சட்டென்று கிளம்பினாலோ, பிரேக் போட்டாலோ சாய்ந்துவிடுகிறீர்கள் அல்லவா? அதைப் போலத்தான். தண்ணீர் புறப்படும்போதும் நிற்கும்போதும் தூணுக்குத் தனியாக ஒரு தள்ளு விழுகிறது.

இரண்டு தள்ளையும் கூட்டினால் மொத்தம் வந்துவிடும். சின்னச் சூத்திரம்தான். ஆனால் கடலில் தூண் நிறுத்தும் என்ஜினீயர்கள் இன்றும் அதை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

காலடியில் நடக்கும் திருட்டு

இவ்வளவு சொன்னோம். ஆனால் தூணுக்குப் பெரிய எதிரி, கண்ணுக்குத் தெரியும் அலை அல்ல. கண்ணுக்குத் தெரியாமல் காலடியில் நடக்கும் திருட்டு!

கடற்கரையில் ஈர மணலில் நின்றிருப்பீர்கள். அலை வந்து காலைத் தழுவிவிட்டுத் திரும்பும். அப்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, கால் புதையும். குழந்தைகள் சிரித்துக் கூத்தாடும்.

அதேதான் தூணுக்கும் நடக்கிறது. ஆனால் தூண் சிரிக்க முடியாது.

தூணின் முகத்தில் முட்டிய தண்ணீர், பக்கவாட்டில் மட்டும் போவதில்லை. ஒரு பங்கு கீழ்நோக்கி இறங்குகிறது. அடிமணலைத் தோண்டுகிறது. பிறகு குதிரை லாடம் போலச் சுருண்டு, தூணின் இரு பக்கமும் ஓடுகிறது. தோண்டிய மணலை வாரிக்கொண்டு போய்விடுகிறது. பின்னால் உள்ள சுழிகளும் அதற்குத் துணை.

இப்படித் தூணைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. ஓட்டம் தொடர்ந்து இருந்தால், தூண் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆழமாகவும், அதற்கு மேலும் பள்ளம் விழக்கூடும். தூணைப் பிடித்திருந்த மண் குறைகிறது. பிடி தளர்கிறது.

ஆற்றுப் பாலத்துக்கும் இதே கதிதான். திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இருந்தது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. கொள்ளிடம் சுழித்து ஓடியது. பாலத்தின் தூண்கள் இடிந்து ஆற்றில் விழுந்தன. நல்ல வேளையாக, அதற்கு முன்பே அந்தப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி இருந்தார்கள்.

கடலில் இன்னொரு எதிரியும் உண்டு: உப்பு. அலை ஏறி இறங்கும் மட்டத்தில் தூண் நனையும், காயும், மறுபடி நனையும். அங்கேதான் துரு அதிகம் பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், அது உப்பும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சிப்பிகள் ஒட்டி ஒட்டித் தூணின் பருமனும் கூடும். பருமன் கூடினால் அலையின் தள்ளும் கூடும்.

எதிரி மூன்று பேர். மேலே அலை, நடுவே துரு, கீழே மணல் அரிப்பு. 60 ஆண்டு என்றால் சும்மா இல்லை!

வழிவிட்ட தூண்களும் மறித்த கல்லும்

கடலில் தூண் நிறுத்தினால் இவ்வளவு தொல்லை. பேசாமல் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிவிட்டால் என்ன?

புதுச்சேரி அதையும் பார்த்துவிட்டது.

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அது பிரயாணம் செய்கிறது! தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், அலைகள் மணலைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு திரும்பி வருகிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வடக்கே போவதுதான் அதிகம்.

தூண் பாலம் இந்த மணலைத் தடுப்பதில்லை. தூணுக்குத் தூண் நடுவே இடைவெளி இருக்கிறது. தண்ணீர் புகுந்து போகிறது. மணலும் கூடவே போகிறது.

1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. கல்லுக்கு இடைவெளி ஏது? தெற்கே இருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரைக்கு மணல் வரவில்லை. இருந்த மணலையும் அலை கொண்டுபோனது.

பெரியவர்கள் நடந்து பழகிய மணல் பரப்பு மறைந்தது. ஊரைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். பேரப் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் பாறாங்கல் வரிசை என்று ஆகிவிட்டது. வடக்கே உள்ள மீனவக் கிராமங்களில் படகை இழுத்து வைக்கவும், வலையை உலர்த்தவும் மணல் இல்லாமல் போயிற்று.

கடலில் இறங்கும் மனிதன் தண்ணீருக்கு வழிவிட்டால் அவன் தூணுக்கு ஆபத்து. வழியை மறித்தால் அவன் கரைக்கே ஆபத்து!

மணல் திரும்பியது

பிறகு விஞ்ஞானிகள் வேறு யோசனை செய்தார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், இரும்பால் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய அமைப்பைச் செய்தது. அதன் எடை சுமார் 900 டன். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்குள் அதை மூழ்க வைத்தார்கள். அலையின் வேகம் அங்கே சற்றுக் குறைந்தது. வேகம் குறைந்தால், தண்ணீர் சுமந்து வரும் மணல் கீழே படியும்.

மணல் படிந்தது! பல ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே கண்ட இடத்தில், குழந்தைகள் மறுபடி மணலில் விளையாடினார்கள்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியலுக்கு என்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே பெரிய தொட்டிகளில் செயற்கை அலையை எழுப்பி, சிறிய மாதிரித் தூண்களை நிறுத்திப் பார்க்கிறார்கள். கடலில் போய்க் கற்றுக்கொண்டால் செலவு கோடிக் கணக்கில். தொட்டியில் கற்றுக்கொண்டால் அவ்வளவு இல்லை.

தூணின் அடியைக் காப்பதற்கும் வழிகள் இருக்கின்றன. மணல் அரித்தாலும் பிடி விடாத ஆழத்துக்குத் தூணை இறக்க வேண்டும். காலடியைச் சுற்றிப் பெரிய கற்களைப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்குளிக்கும் ஆட்களை இறக்கி அடிக்கடி பார்க்க வேண்டும். மேலே நடப்பவனுக்குப் பாலம் உறுதியாகத்தான் தெரியும். கீழே இறங்கிப் பார்ப்பவனுக்குத்தான் உண்மை தெரியும்.

குளிக்கப் போகிறவர்களுக்கு

கடற்கரைக்குப் போகும் குடும்பத்தார் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூணுக்கும் பாறைக்கும் அருகே தண்ணீர் அமைதியாகத் தெரியலாம். ஆனால் அங்கேதான் சுழி இருக்கும். அடியில் பள்ளமும் இருக்கும். இரண்டடி தள்ளி இடுப்பளவு தண்ணீர். தூணருகே தலைக்கு மேல்! பழைய இரும்பும், உடைந்த கான்கிரீட்டும், கத்தி போன்ற சிப்பியும் உள்ளே மறைந்திருக்கும். பிள்ளைகளை அங்கே விடாதீர்கள்.

மணலில் நிற்கும்போது, அலை திரும்பும் நேரத்தில் குதிகாலைக் கவனியுங்கள். அடியில் மணல் நழுவும்.

பாலம் விழுந்ததும் அப்படித்தான் தொடங்கியிருக்குமோ என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். அலையும், துருவும், மணல் அரிப்பும் சேர்ந்தால் எந்தத் தூணும் தளரும் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தாம்பாளத்தையும் மஞ்சள் தூளையும் எடுத்து வையுங்கள்.